மட்டக்களப்புல படை விமான விபத்து விசாரணை பத்தின ரெண்டு நாள் வகுப்பு, போய் வந்த ஆளா என்ட கருத்து

சனி ஞாயிறு ரெண்டு நாள், காலம எட்டரைக்குத் தொடங்கி பின்னேரம் நாலரை மட்டும், காசு 6,500 ரூபா, பகல் சாப்பாடும் ரெண்டு நேரம் பிளேன்டீயும் அதுக்குள்ளயே. இடம் மட்டக்களப்பு டவுன்ல பார் வீதிப் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்துட மேல்மாடி. நிலையத்துட பேரப் போடாம விடுறன், கடைசில ஒரு குறை சொல்ல இருக்கு, அத அவங்களுக்கு நேராவே சொல்லிட்டன், இங்க எழுதுறது காசு கட்டிப் போகலாமா எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு. வகுப்புட தலைப்பு பெரிய நீளம். சுருக்கமாச் சொன்னா, படை விமானம் ஒண்டு விழுந்தா சாட்சிகள் விசாரிக்கிற ஆக்கள நம்பிச் சொன்ன விசயத்த எப்பிடிப் பாதுகாக்கிற, எத வெளில குடுக்கலாம், எதக் குடுக்கப்படாது.

இதுக்கெல்லாம் எங்கட ஊர்ல ஆரு வருவாங்க எண்டு நினைச்சுத்தான் போனன், இருபத்தஞ்சு பேருக்கு மேல இருந்தாங்க. கெம்பஸ் பொடியன்கள், ரெண்டு மூண்டு பத்திரிகைக்காரங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டுப் பழகின ஆக்கள், ஒரு நர்ஸ் மிஸ், கல்முனை, அம்பாறைல இருந்து வெள்ளனவே பஸ் ஏறி வந்த ஆக்களும் இருந்தாங்க. சும்மா ஒரு மே மாசம் எண்டு இல்ல, 2025 மே 9 எண்டு திகதியோடயே ஞாபகம் வச்சிருக்காங்க எல்லாரும், மாதுரு ஓயாக் குளத்துல விமானப்படைட பெல் 212 ஹெலி விழுந்த நாள். விசேட படைட பயிற்சி முடிஞ்சு வெளியேறுற நிகழ்வுல சாகசம் காட்டப் போனது, உள்ளுக்கு இருந்த 12 பேர்ல 6 பேர் செத்துப் போனாங்க. குளம் எங்களுக்கு அயல்தான், அந்தச் செய்தி வந்த பின்னேரம் எங்கட கடைத் தெருவில வேற கதையே இல்ல.

நான் போனதுக்குக் காரணம் வேற. கல்ஃப்ல ஒரு ஹேங்கர்ல, அதான் விமானத்த விட்டுத் திருத்துற பெரிய கொட்டகை, ஒன்பது வருசம் டெக்னீசியனா வேல செஞ்சன், பெரும்பாலும் சிவில் விமானம், இடைக்கிடை அந்த நாட்டுப் படைட விமானமும் வரும். அங்க நடந்த ஒரு விசயம் இன்னும் மனசுல கிடக்கு, அதக் கீழ சொல்றன், ஏனெண்டா வகுப்புல பாதி எனக்கு விளங்கினதே அதாலதான்.

முதல் நாள் காலம கொஞ்சம் இழுவை. ஓய்வு பெற்ற விமானப் பொறியியலாளர் ஒருத்தர், எங்கட பக்கத்து ஆள்தான், நல்ல மனுசன், ஆனா ஸ்லைட் எல்லாம் இங்கிலீஷ்ல, அவரு தமிழ்ல வாசிச்சு விளக்க விளக்க நேரம் போயிட்டு. சிக்காகோ உடன்படிக்கை 1944, சிவில் விமானப் போக்குவரத்துக்கு நாடுகள் செஞ்ச ஒப்பந்தம், அதுட 3ம் உறுப்புரைல படை, சுங்கம், பொலிஸ் விமானம் எல்லாம் அரச விமானம் எண்டு தனியாப் பிரிச்சு வச்சிருக்கு, அதால சிவில் விமான விபத்துக்கு இருக்கிற சர்வதேச விதி, அதுதான் 13ம் இணைப்பு, படை விமானத்தக் கட்டுப்படுத்தாது. இந்த ஒரு விசயத்துக்கு அரை மணித்தியாலம் தேவல்ல. ஆனா 13ம் இணைப்புல என்னென்ன பாதுகாக்கணும் எண்டு போட்டிருக்கிறத அவரு ஒவ்வொண்டா சொன்னது நல்லம். சாட்சி வாக்குமூலம், கொக்பிட், அதான் விமானி இருக்கிற அறை, அதுட குரல் பதிவு, சம்பந்தப்பட்ட ஆக்கள்ட மருத்துவ விசயம், தரவ ஆராயக்குள்ள விசாரணையாளர்கள் சொன்ன அபிப்பிராயம், இதுகள விபத்து விசாரணை தவிர வேற தேவைக்கு வெளில விடப்படாது. அப்பிடி விடுறதால வரப்போற நன்மை, இனி வாற விசாரணைகளுக்கு ஏற்படுற பாதிப்ப விடப் பெரிசு எண்டு உரிய அதிகாரம் உள்ளவங்க தீர்மானிச்சா மட்டும்தான் விடலாம். அந்தத் தராசு விசயத்த ஞாபகம் வச்சிக்கங்க எண்டு சொன்னாரு.

பதினொரு மணிக்கு மறுகா சட்டத்தரணி மிஸ் ஒருத்தங்க வந்தாங்க. அதுல இருந்துதான் வகுப்பு வகுப்பானது. ஸ்லைட் ஒண்டும் இல்ல, போர்ட்ல ரெண்டு பெட்டி கீறினாங்க. அமெரிக்க விமானப்படைல ஒரு விமானம் விழுந்தா ரெண்டு விசாரணை நடக்கும். முதல் நடக்கிறது பாதுகாப்பு விசாரணை, அதுட ஒரே நோக்கம் திரும்ப அப்பிடி ஒண்டு நடக்காமப் பாக்கிற, அதுல சாட்சிக்கு வாக்குக் குடுப்பாங்க, நீங்க சொல்றத வச்சு உங்களத் தண்டிக்க மாட்டம், வழக்குக்கும் குடுக்க மாட்டம் எண்டு, சத்தியப் பிரமாணமும் கேக்கிறல்ல. ரெண்டாவது நடக்கிறது வேற ஆக்கள் செய்ற விசாரணை, அதுல சத்தியம் செஞ்சுதான் சாட்சி சொல்லணும், அந்த அறிக்கை குடும்பத்துக்கும் சனத்துக்கும் போகும். முதல் குழு தாங்கள் எடுத்த விமான லொக் புத்தகம், காலநிலை, படம், சிதைஞ்ச பாகத்த லெப்ல பாத்த முடிவு, இப்பிடி வெறும் உண்மைகள ரெண்டாவது குழுவுக்குக் குடுத்திடும், ஆனா நம்பிச் சொன்ன வாக்குமூலத்தக் குடுக்காது. ரெண்டாவது குழு அதே ஆளக் கூப்பிட்டு முதல்ல இருந்து கேக்கணும்.

நான் கேட்டன், அப்ப ஒருத்தன் வேணுமெண்டே பொய் சொன்னா? அதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல எண்டாங்க. வேற வழியாக் கிடைச்ச சாட்சிய வச்சு நடவடிக்கை எடுக்கிறதையும் அந்த வாக்கு தடுக்காது. உண்மையச் சொன்ன வாய வச்சு அந்த மனுசனையே பிடிக்கிறத மட்டும்தான் தடுக்குது.

மறுகா வழக்குகள். இதுதான் காசுக்குப் பெறுமதியான இடம், ஒண்டரை மணித்தியாலம் போனதே தெரியல்ல. 1963ல அமெரிக்காவுல வந்த மேச்சின் எதிர் சக்கர்ட் வழக்கு, பி-25 விமானம் ஒண்டு விழுந்து உயிர் தப்பின ஒருத்தர் விசாரணைப் பேப்பர் எல்லாம் வேணும் எண்டு கேக்கிறாரு. நீதிமன்றம் நம்பிச் சொன்ன வாக்குமூலத்தையும் உள்ளுக்கு நடந்த ஆலோசனையையும் குடுக்க ஏலாது எண்டு சொல்லிட்டு, ஆனா புரொப்பெல்லர் சுத்துற வேகத்தக் கட்டுப்படுத்துற கவர்னரப் பரிசோதிச்ச மெக்கானிக்மார் கண்ணால கண்ட விசயங்களக் குடுக்கலாம் எண்டு சொல்லுது. அந்த இடத்துல மிஸ் போர்ட்டத் தட்டினாங்க, பாருங்க, கதவ முழுசாப் பூட்டவும் இல்ல முழுசாத் திறக்கவும் இல்ல எண்டு. நான் மெக்கானிக்கா இருந்தவன், அந்த ஒரு வரி எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிங்க. மெக்கானிக் கண்டத ஒளிக்கத் தேவல்ல, மெக்கானிக் நம்பிச் சொன்னத விக்கப்படாது.

அடுத்தது 1984, வெபர் எயார்க்ராஃப்ட் வழக்கு. 1973ல எஃப்-106 சண்டை விமானத்துல இருந்து இஜெக்ட் பண்ணின, அதான் சீட்டோட வெளில பாய்ஞ்ச விமானி ஒருத்தர் பலத்த காயப்பட்டு, சீட் செஞ்ச கொம்பனி மேல வழக்குப் போட, கொம்பனி விசாரணைல எடுத்த வாக்குமூலங்கள அந்த நாட்டுத் தகவல் சட்டத்துக்குக் கீழ கேக்குது. அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதா, ஏலாது எண்டு சொல்லிட்டு. வழக்குல எடுக்க ஏலாததத் தகவல் சட்டத்தாலயும் எடுக்க ஏலாது எண்டதுதான் சுருக்கம்.

இதுவரைக்கும் கேட்டா, சரி, இரகசியம் நல்லம் எண்டு எழும்பிப் போயிடுவம். மிஸ் அப்பிடி விடல்ல. 1948 ஒக்டோபர் 6, ஜோர்ஜியா மாநிலத்துல வேக்ரொஸ் எண்ட இடத்துல பி-29 குண்டு போடுற விமானம் விழுந்து 9 பேர் செத்தாங்க, அதுல மூண்டு பேர் சிவிலியன் இஞ்சினியர்மார், அவங்கட பெண்சாதிமார் வழக்குப் போட்டு அறிக்கையக் கேட்டாங்க. விமானத்துல இரகசிய உபகரணம் இருந்தது, குடுத்தா நாட்டுக்கு ஆபத்து எண்டு அரசு சொன்னது. 1953ல உயர் நீதிமன்றம் அரசுட பக்கம் தீர்ப்புக் குடுத்துட்டு, அந்த அறிக்கைய ஒருக்கா வாங்கிப் பாக்கவும் இல்ல. ரெய்னல்ட்ஸ் வழக்கு. செத்துப் போன ஒரு இஞ்சினியர்ட மகள், அப்ப கைக்குழந்தை, 2000ம் ஆண்டு அந்த அறிக்கையக் கண்டுபிடிச்சா. உள்ளுக்கு இருந்தது என்னெண்டா, இஞ்சின்ல தீப்பிடிச்ச கதை, போடச் சொல்லி உத்தரவு வந்த வெப்பத் தடுப்புத் தகடு போடாம இருந்த கதை. இரகசிய உபகரணத்தப் பத்தி நாட்டுக்கு ஆபத்தா ஒண்டும் அதுல இல்ல. ஹோல்ல ஒருத்தரும் கதைக்கல்ல அந்த நேரம். நர்ஸ் மிஸ் மட்டும், அம்பது வருசம் மிஸ், அம்பது வருசம் எண்டு மெதுவாச் சொன்னாங்க.

எங்கட மாகாணத்துல அந்தக் கதையக் கேட்டா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு முகம் ஞாபகம் வரும், நான் அதுக்குள்ள போகல்ல.

சாப்பாடு. சொல்லத்தானே வேணும். முதல் நாள் சோறு, மீன் குழம்பு, கீரை, அப்பளம், நல்ல வாசியா இருந்தது. ரெண்டாம் நாள் பிரியாணி காத்தான்குடிப் பக்கம் இருந்து எடுத்திருந்தாங்க போல, அதவிட மேல தயிரும் பாணியும், அதுக்குப் பிறகு ரெண்டு மணிக் கிளாஸ்ல பாதிப் பேருக்குக் கண் சொருகினது உண்மை. ஏசி ஒண்டுதான் வேல செஞ்சது, பின் வரிசைல இருந்தா வேர்க்கும், வெள்ளனப் போய் முன்னுக்கு இருங்க.

இனி என்ட கதை. ஹேங்கர்ல எங்களோட ஒரு அக்கரைப்பத்துக் காக்கா இருந்தாரு, காக்கா எண்டா எங்கட பக்கம் அண்ணன், என்ன விடப் பத்து வருசம் மூப்பு, கை சுத்தமான வேலக்காரன். ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து படுத்த மனுசன் எழும்பி இருந்துட்டாரு, ஒரு ஹைட்ரோலிக் பைப்புட நட்ட டோர்க் பண்ணின, அதான் அளவுக்கு இறுக்கின ஞாபகம் இருக்கு, திரும்பச் சரி பாத்த ஞாபகம் இல்ல எண்டு. அங்க இரகசியமா அறிவிக்கிற ஃபோம் ஒண்டு இருந்தது, பெட்டிக்குள்ள போடலாம், பேர் வெளில வராது எண்டு சேஃப்டி ஒபிஸ்ல எங்க எல்லாரையும் கூட்டிச் சொல்லியும் இருந்தாங்க. காக்கா போய் எழுதிப் போட்டாரு. விமானத்த நிப்பாட்டிப் பாத்தாங்க, நட்டு கொஞ்சம் இளக்கமாத்தான் இருந்தது. பறக்க முதல் பிடிபட்டுட்டு. இதுக்குத்தானே அந்தப் பெட்டி?

மூண்டாம் நாள் மெனேஜர்ட மேசைல அந்த ஃபோம்ட போட்டோகொப்பி கிடந்தது. நான் வேற கையெழுத்து ஒண்டுக்குப் போனவன், கண்ணால கண்டன். பேர் இருந்த இடத்துல வெள்ளைப் பேப்பர்த் துண்டு ஒண்ட ஒட்டிட்டுக் கொப்பி எடுத்திருக்காங்க, அந்தத் துண்டுட ஓரம் கறுப்புக் கோடா விழுந்திருந்தது. ஆனா ஷிஃப்ட் நேரம் இருக்கு, பே நம்பர், அதான் ஹேங்கருக்குள்ள விமானம் நிப்பாட்டுற இடத்துட நம்பர் இருக்கு, எழுத்து காக்காட எழுத்து, அவரு ஏழு போடக்குள்ள நடுவால ஒரு கோடு கீறுவாரு, அந்த ஏழு இருக்கு. அண்டைக்கு அந்தப் பேயில வேல செஞ்சது மூண்டு பேர். பேர மறைச்சு என்னத்துக்கு? காக்காட இன்க்ரிமென்ட் அந்த வருசம் நிண்டு போச்சு, காரணம் வேற எழுதினாங்க. அதுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள்ள நான் இருந்த காலம் மட்டும் ஒரு ஃபோமும் விழல்ல. ஆக்கள் பிழை விடாம இருந்தாங்க எண்டு அதுக்கு அர்த்தம் இல்ல.

இத நான் ரெண்டாம் நாள் காலம வகுப்புல சொன்னன். பொறியியலாளர் சேர் உடன பிடிச்சிக்கிட்டாரு, அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அவருட முதல் நாள் இழுவைய மன்னிக்கலாம். பேர எடுத்தாப் போல ஆள் மறையாது எண்டு தொடங்கினாரு. பெரிய நாட்டுல நூத்துக்கணக்கான விமானம் இருக்கு, ஆயிரக்கணக்கான டெக்னீசியன் இருக்காங்க, பேரையும் திகதியையும் எடுத்தா ஆளக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். எங்கட நாட்டுல ஒரு ஸ்குவாட்ரன்ல, அதான் விமானப்படைட ஒரு பிரிவுல, ஒரு வகை ஹெலி எத்தின இருக்கும், அண்டைக்குக் காலம அத செக் பண்ணிக் கையெழுத்து வச்சது எத்தின பேர், ஒரு வாக்குமூலத்துல "நான் ஏணில நிண்டு பாத்தன்" எண்டு ஒரு வரி இருந்தாலே முகாமுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் ஆள் தெரிஞ்சிடும். அப்ப சின்னப் படைக்குத்தான் பாதுகாப்பு கூட வேணும் எண்டாரு. இத நான் வேற எங்கயும் கேட்டதில்ல. இத்தின காலம் அந்த ஏழப் பத்தி யோசிச்சவனுக்கு அது ஒரு ஆறுதல்.

அதோட சேத்து நாசாட கதையும் சொன்னாரு. 1974 டிசம்பர் 1, டிடபிள்யூஏ எண்ட அமெரிக்க விமானக் கொம்பனிட 514 விமானம் வொஷிங்டனுக்குக் கிட்ட மலையில மோதி 92 பேர் செத்தாங்க. அதுக்கு ஆறு கிழமைக்கு முதல் வேற ஒரு கொம்பனிட விமானம் அதே இடத்துல அதே பிழைய விட்டுத் தப்பியிருக்கு, அந்தக் கொம்பனி தங்கட விமானிகளுக்கு மட்டும் சொல்லியிருக்கு. இதுக்குப் பிறகுதான் 1976ல இரகசியமா அறிவிக்கிற முறை வந்தது, ஆனா அத லைசன்ஸ் குடுக்கிற பறிக்கிற நிர்வாகத்துட கையில வைக்காம நாசாட்டக் குடுத்தாங்க, ஏனெண்டா தண்டிக்கிறவன்ட மேசைல ஆரும் மனம் திறக்க மாட்டான். பெட்டி ஆருட கையில எண்டதுதான் விசயம். எங்கட ஹேங்கர்ல சேஃப்டி ஒபிஸுக்கும் மெனேஜருக்கும் நடுவுல ஒரே ஒரு கண்ணாடிக் கதவு.

பின்னேரம் பயிற்சி. இத நல்லா செஞ்சிருந்தாங்க. ஒவ்வொரு மேசைக்கும் கற்பனையா எழுதின ஒரு ஹெலி விபத்து ஃபைல், 18 பக்கம், ரெண்டு பிளாஸ்டிக் தட்டு, ஒண்டு வெளில குடுக்கிறதுக்கு, ஒண்டு பாதுகாக்கிறதுக்கு. காலநிலை, பராமரிப்பு லொக், படங்கள் எல்லாம் லேசாப் போயிட்டு. 11ம் பக்கத்துல மாட்டிக்கிட்டம். அதுல ஒரு டெக்னீசியன் "எண்ணெய் மூடிய நான் இறுக்க மறந்திட்டன்" எண்டு சொல்றான். 7ம் பக்கத்துல சிதைவுகளுக்குள்ள மூடி திறந்தபடி கிடக்கிற படம். எங்கட மேசைல இருந்த பத்திரிகைக்காரத் தம்பி 11ஐயும் வெளில குடுக்கணும் எண்டு நிண்டாரு, செத்தவன்ட அம்மாவுக்கு உண்மை தெரிய வேணாமா எண்டு கேட்டாரு, அந்தக் கேள்விக்கு ஆரால மறுமொழி சொல்ல ஏலும். நாங்க இருபது நிமிசம் சண்டை. மறுகா மிஸ் வந்து ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டாங்க, மூடி திறந்திருந்தது எண்டு அம்மாவுக்குச் சொல்ல 7ம் பக்கம் காணாதா? காணும். மூடி திறந்திருந்தது, பறக்க முதல் அத ரெண்டாவது ஆள் பாக்கிற முறை அங்க இருக்கல்ல, இதெல்லாம் படத்துலயும் லொக்லயும் இருக்கு. 11ம் பக்கத்த வெளில விட்டா அம்மாவுக்கு ஒரு ஆள்ட பேர் கிடைக்கும், அடுத்த டெக்னீசியன் வாயத் திறக்க மாட்டான், இன்னொரு அம்மா வருவா. தம்பி உடன ஒத்துக்கல்ல, ஆனா 7ம் பக்கத்தயே மறைச்சா நான் விட மாட்டன் எண்டாரு. மிஸ், அதுதான் சரி, அதத்தான் விடப்படாது எண்டாங்க.

இலங்கைச் சட்டத்துக்கு ஒதுக்கின நேரம் காணாது. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 5ம் பிரிவுல தேசிய பாதுகாப்புக்குப் பங்கம் வந்தா மறுக்கலாம் எண்டு இருக்கு, அதே 5ம் பிரிவுல பொதுநலன் பெரிசு எண்டா குடுக்கணும் எண்டும் இருக்கு. அந்தத் தராசு இங்கயும் இருக்கு. ஆனா ஒரு படை விமான விபத்துக்கு எப்பிடி மனு எழுதுற, முழு அறிக்கையையும் கேக்காம உண்மைப் பகுதிய மட்டும் பிரிச்சுக் கேக்கிறது எப்பிடி, இதுக்கு முக்கால் மணித்தியாலம்தான் கிடைச்சது. மனுப் போட்டுப் பழகின ஆக்கள் இன்னும் கேக்க இருந்தாங்க. இந்தியால 2021 டிசம்பர் 8 குன்னூர்ல முப்படைத் தளபதிட ஹெலி விழுந்ததுக்கு அடுத்த மாசமே, எதிர்பாராம மேகத்துக்குள்ள போய் திசை தடுமாறினது எண்டு முதல் கட்ட முடிவ விமானப்படை சுருக்கமாச் சொன்னத மிஸ் உதாரணமாக் காட்டினாங்க, அப்பிடி முடிவ மட்டும் சொல்றதும் ஒரு வழி, ஆனா அது காணுமா எண்டு கேட்டுட்டு நேரம் முடிஞ்சிட்டு. அடுத்த தரம் ரெண்டாம் நாள் காலமய முழுசா இதுக்குக் குடுங்க, முதல் நாள் சிக்காகோவக் குறைங்க.

நோட்ஸும் தமிழ்ல வேணும். குடுத்த 40 பக்கமும் இங்கிலீஷ். வந்த ஆக்கள்ல பாதிப் பேர் அத வீட்ட கொண்டு போய் அலுமாரில வைப்பாங்க.

இப்ப நான் சொன்ன அந்தக் குறை. முடியக்குள்ள கருத்து எழுதுற ஃபோம் ஒண்டு குடுத்தாங்க, முதல் வரில பேர், ரெண்டாவது வரில போன் நம்பர், மூண்டாவதுல தேசிய அடையாள அட்டை இலக்கம். ரெண்டு நாளும் படிப்பிச்சத ஃபோம் அடிச்ச ஆள் கேக்கல்ல. எனக்குக் கோவமே வந்திட்டு, கைய உயத்திச் சொன்னன், என்ட காக்காட ஃபோமப் பத்தி இப்பதான் சொன்னன் சேர் எண்டு. பொறியியலாளர் சேர் எழும்பி வந்து ஃபோம வாங்கிப் பாத்தாரு, நிலையப் பொறுப்பாளரக் கூப்பிட்டுக் கதைச்சாரு, மறுகா அடிமட்டம் ஒண்ட வச்சு எல்லா ஃபோம்லயும் மேல மூண்டு வரியையும் கிழிச்செடுத்திட்டுத் திரும்பக் குடுத்தாரு, இருபத்தஞ்சுக்கு மேல, ஒவ்வொண்டா. கையெழுத்தாலயும் ஆள் தெரியப்படாது எண்டு சொல்லி, கேள்விகள டிக் போடுற மாதிரி மாத்தி வாசிச்சாரு. அதுக்குப் பிறகு எல்லாரும் தலையக் குனிஞ்சு எழுதினாங்க, ஏசியப் பத்தியும் எழுதியிருப்பாங்க.

ராத்திரி அக்கரைப்பத்துக்குக் கோல் எடுத்து காக்காட்டச் சொன்னன். இப்ப அவரு ஊர்ல மோட்டர் சைக்கிள் கராஜ் வச்சிருக்காரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, அடுத்த வகுப்பு எப்ப எண்டு கேட்டாரு. பொறுப்பாளர் அடுத்த தரத்துக்குப் புது ஃபோம் அடிக்கிறன் எண்டு எனக்குச் சொல்லியிருக்காரு. காசு கட்டலாம், நான் சொல்றன் கட்டுங்க, ஆனா முதல் போற ஆக்கள் அந்த ஃபோம்ல மேல மூண்டு வரியும் இருக்கா இல்லையா எண்டு பாத்து இங்க எழுதி விடுங்க, காக்காவ நான் அதுக்குப் பிறகுதான் கூட்டிட்டுப் போவன்.